8 இன்ச்சில் தொடங்கும் கணக்கு: கான்கிரீட் பிளாக் சுவருக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை?

100 சதுர அடி சுவருக்கு 113 கல், ஒரு மூட்டை சிமெண்ட், 7 கன அடி மணல். 8 இன்ச் சாலிட் பிளாக் சுவரைப் பற்றி யார் கேட்டாலும் சொல்லப்படும் சுருக்கக் கணக்கு இதுதான். தப்பான கணக்கு அல்ல. ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் எடுத்துப் பயன்படுத்தினால், கடைசி இரண்டு வரிக்குக் (வரி என்பது ஓர் அடுக்குக் கல்) கல் போதாமல் வேலை நிற்கும்; அல்லது வாசலில் 60 கல் மிஞ்சிக் கிடக்கும். கதவின் தலைமட்டத்துக்கு வரி சரியாக வராமல், உடைத்த துண்டுகளையும் கலவையையும் வைத்து அடைக்க வேண்டியும் வரும். பிற்பாடு விரிசல் கிளம்புவது பெரும்பாலும் அந்த அடைப்பிலிருந்துதான்.

பிளாக் சுவரின் கணக்கு வரைபடத்திலேயே தொடங்கிவிடுகிறது. கல்லின் நீளம் 16 இன்ச், உயரம் 8 இன்ச். சுவரின் நீளம், உயரம், ஜன்னல் அகலம், கதவின் தலைமட்டம் எல்லாம் 8 இன்ச்சின் மடங்கில் இருந்தால் கல்லை எண்ணுவது சுலபம், வெட்டுவது குறைவு, சேதாரமும் குறைவு.

முதலில் கல்லைப் பார்ப்போம்

தமிழ்நாட்டுச் சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று கனங்கள்: 4 இன்ச், 6 இன்ச், 8 இன்ச். மூன்றுக்கும் முகப்பு ஒன்றே, 16க்கு 8. உள்ளே வெற்றிடம் இல்லாதது சாலிட் பிளாக், துளை உள்ளது ஹாலோ பிளாக். 8 இன்ச் சாலிட் கல் ஏறக்குறைய 30 முதல் 34 கிலோ வரை இருக்கும். அதே அளவு ஹாலோ கல் 20 கிலோவைச் சுற்றி வரும். 4 இன்ச் சாலிட் 16 கிலோ அளவில் இருக்கும்.

கூரையின் பாரத்தைச் சுவரே தாங்கும் வீட்டுக்கு 8 இன்ச் சாலிட். தூண், பீம் போட்ட கட்டடத்தில் வெளிச்சுவருக்கு 8 அல்லது 6 இன்ச், உள் தடுப்புக்கு 4 இன்ச். பிளிந்த் பீமுக்கு (தரைமட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் பட்டை) கீழே, மண்ணோடு தொடும் இடத்தில் ஹாலோ கல்லைத் தவிர்ப்பது நல்லது. துளைக்குள் ஈரம் தங்கும். கரையான் ஏறவும் வழி கிடைக்கும்.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 2185, முதல் பாகம். அதன்படி 400 மி.மீ. என்று சொல்லப்படும் கல்லின் உண்மை நீளம் 390. 200 என்று சொல்லப்படும் உயரம் 190. மீதி 10 மி.மீ. கலவைக்கான இடம். ஆக, கல்லும் ஜாயிண்டும் சேர்ந்தால்தான் 400க்கு 200, அதாவது நடைமுறையில் 16க்கு 8. நீளத்தில் 5 மி.மீ., உயரத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. வரை கூடக் குறைய இருக்கலாம் என்றும் விதி சொல்கிறது.

உள்ளூர்ப் பட்டறைகள் எல்லாம் இந்த அளவில் வார்ப்பதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். சில இடங்களில் கல்லே முழு 16க்கு 8 இன்ச் இருக்கும். அதன்மேல் 10 மி.மீ. கலவை ஏறினால் ஒரு வரி 8 இன்ச் அல்ல, கிட்டத்தட்ட 8.4 இன்ச். 11 வரி கட்டி முடிக்கும்போது நாலு இன்ச்சுக்கு மேல் உயரம் கூடிவிடும். அதனால் விலை பேசும் முன்பே பத்துக் கல்லை வரிசையாக ஒட்டி வைத்து, டேப் பிடித்து, பத்தால் வகுத்துப் பாருங்கள். 390 மி.மீ. என்று வந்தால் கீழே உள்ள கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். 405க்கு மேல் வந்தால் 100 சதுர அடிக்கு 105 கல் போதும். ஆனால் வரி உயரத்தைப் புதிதாகப் போட்டுத்தான் கதவு, ஜன்னல் மட்டங்களைக் குறிக்க வேண்டும்.

ஓர் அறையை எண்ணிப் பார்ப்போம்

உட்புறம் 12 அடிக்கு 10 அடி அறை. 8 இன்ச் சாலிட் பிளாக் சுவர், பாரம் தாங்கும் சுவர். பிளிந்த் பீமின் மேல்மட்டத்திலிருந்து கூரைக் கான்கிரீட்டின் அடிவரை 10 அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். அஸ்திவாரம் மண்ணைப் பொறுத்தது, அது தனிக் கணக்கு. இங்கே பிளிந்த் பீமுக்கு மேலே உள்ளது மட்டும்.

10 அடி என்பது 120 இன்ச், அதாவது சரியாக 15 வரி. இதில் ஒரு வரியை லிண்டல் பேண்ட், அதாவது கதவு ஜன்னல்களுக்கு மேலே சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை, எடுத்துக்கொள்ளும். லிண்டலை வழக்கமான 6 இன்ச்சில் போடாமல் 8 இன்ச்சில் போட்டால் அது ஒரு கல் வரியின் இடத்தில் கச்சிதமாக உட்காரும். கான்கிரீட் கொஞ்சம் கூடும்தான். ஆனால் மேலே 2 இன்ச் சந்தை அடைக்கும் வேலை இருக்காது. மீதி 14 வரி கல்.

லிண்டலின் அடிமட்டம் எங்கே? கதவு உயரம் 7 அடி என்பது டைல்ஸ் போட்ட தரையிலிருந்து. பிளிந்த் பீமின் மேல் தரைக் கான்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்து 4 இன்ச் என்று வைத்தால், பீமிலிருந்து லிண்டலின் அடி 84 + 4 = 88 இன்ச். 8ஆல் வகுத்தால் 11 வரி. ஜன்னல் உயரம் 4 அடி, அதாவது 6 வரி. அப்படியானால் ஜன்னலின் அடி 5 வரிக்கு மேலே வரும்: 40 இன்ச். தரையின் 4 இன்ச்சைக் கழித்தால் 3 அடி உயரத்தில் ஜன்னல். எங்கேயும் கல்லைப் படுக்கையாக வெட்டத் தேவையில்லை. தரையின் கனம் 4 இன்ச்சுக்குப் பதிலாக 6 இன்ச் என்று பிற்பாடு மாறினால் கதவு 2 இன்ச் குட்டையாகிவிடும். அதனால் தரையில் என்னென்ன அடுக்கு வரப்போகிறது என்பதைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இனி நீளம். சுவரின் நடுக்கோட்டில் அளந்தால் மூலைகள் இரண்டு முறை எண்ணப்படாது. உள் அளவோடு ஒரு சுவர்க் கனத்தைச் சேர்க்க வேண்டும்: 12 அடி 8 இன்ச், 10 அடி 8 இன்ச். இன்ச்சில் 152, 128. நான்கு சுவரும் சேர்ந்து 2 × (152 + 128) = 560 இன்ச். 16ஆல் வகுத்தால் ஒரு வரிக்கு 35 கல். 14 வரிக்கு 490.

கதவுத் திறப்பு 40 இன்ச் அகலம், அதாவது இரண்டரைக் கல். 11 வரி உயரம். 27.5 கல் கழிகிறது. ஜன்னல் 48 இன்ச் அகலம், 3 கல்; 6 வரி; இரண்டு ஜன்னலுக்கு 36 கல். மொத்தம் 63.5 கழித்தால் 426.5. வெட்டும்போது உடைவது, இறக்கும்போது மூலை பெயர்வது எல்லாம் சேர்த்து 5 சதவீதம் கூட்டினால் 448. 450 என்று சொல்லி வாங்கலாம்.

சதுர அடி வழியிலும் சரிபார்க்கலாம். 16 × 8 = 128 சதுர இன்ச்; ஒரு சதுர அடி 144 சதுர இன்ச். 144ஐ 128ஆல் வகுத்தால் 1.125. இதுதான் அந்த 113இன் மூலம். நடுக்கோட்டு நீளம் 46.67 அடி, கல் உயரம் 9.33 அடி, மொத்தம் 435.6 சதுர அடி. திறப்புகள் 56.4. மீதி 379 சதுர அடி, 1.125ஆல் பெருக்கினால் 427. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வருவதற்குக் காரணம் அளவுகள் 8இன் மடங்கில் இருப்பதுதான். திறப்புகள் 42 இன்ச், 45 இன்ச் என்று இருந்தால் சதுர அடிக் கணக்கு 427 என்றே சொல்லும், ஆனால் களத்தில் ஒவ்வொரு வரியிலும் வெட்டிய துண்டு வீணாகும். அங்கே சேதாரத்தை 8 முதல் 10 சதவீதம் வைக்க வேண்டியிருக்கும்.

எடையையும் ஒருமுறை பாருங்கள். 450 கல், ஒன்று 32 கிலோ: 14.4 டன். எத்தனை நடை வண்டி, எங்கே இறக்குவது, அங்கிருந்து சுவருக்கு யார் தூக்குவது என்பதைக் கூலி பேசும்போதே பேசிவிட வேண்டும்.

கலவை: ஜாயிண்டின் கனத்தில்தான் கணக்கு இருக்கிறது

முகப்பில் கல் அடைக்கும் பரப்பு 390 × 190. ஜாயிண்டோடு சேர்ந்த பரப்பு 400 × 200. கணக்கிட்டால் சுவரில் 92.6 சதவீதம் கல், 7.4 சதவீதம் கலவை. செங்கல் சுவரில் கலவை ஏறத்தாழ கால் பங்கு இருக்கும். பிளாக் சுவரில் சிமெண்ட் மிச்சமாவது இதனால்தான்.

100 சதுர அடி, 8 இன்ச் சுவரின் கன அளவு 66.7 கன அடி. அதில் 7.4 சதவீதம் 4.9 கன அடி ஈரக் கலவை. உலர்ந்த மணலும் சிமெண்டும் தண்ணீர் பட்டதும் அடங்கிச் சுருங்கும் என்பதால் 1.33ஆல் பெருக்க வேண்டும்: 6.5. கீழே சிந்துவது, சட்டியில் ஒட்டுவது, ஜாயிண்ட் சற்றுக் கனப்பது எல்லாவற்றுக்கும் கால் பங்கு கூட்டினால் 8.2 கன அடி. 1:6 கலவையில், அதாவது சிமெண்ட் ஒன்று மணல் ஆறு, மொத்தம் ஏழு பங்கு. ஒரு பங்கு 1.17 கன அடி. ஒரு மூட்டை சிமெண்ட், 50 கிலோ, 1.25 கன அடி. ஆக 0.94 மூட்டை, மணல் 7 கன அடி. நம் 379 சதுர அடிக்கு 3.6 மூட்டை, 27 கன அடி எம்-சாண்ட். வாங்குவது 4 மூட்டை.

6 இன்ச் சுவருக்கு இதில் முக்கால் பங்கு: 100 சதுர அடிக்கு 0.7 மூட்டை. 4 இன்ச் சுவருக்கு 1:4 கலவை போடுவது வழக்கம், 0.65 மூட்டை, 3.3 கன அடி மணல்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது ஜாயிண்டின் கனம். 10 மி.மீ.க்குப் பதில் 20 மி.மீ. வைத்தால் கலவையின் பங்கு 7.4இலிருந்து 13.9 சதவீதமாகிறது, ஏறக்குறைய இரு மடங்கு. மிச்சமாகும் கல்லோ நூற்றுக்கு ஏழுதான். அதோடு 14 வரியில் 14 செ.மீ. உயரம் கூடி, நாம் பார்த்துப் பார்த்துப் போட்ட லிண்டல் மட்டம் தவறிவிடும். கனத்த ஜாயிண்ட் அதிகம் சுருங்கவும் செய்யும். கொத்தனார் 20 மி.மீ. வைக்கிறார் என்றால் பெரும்பாலும் கல்லின் உயரம் ஒன்றுபோல் இல்லை என்று பொருள். கல்லை மாற்றுவதுதான் தீர்வு.

சிமெண்டைக் கூட்டிப் போட்டால் சுவர் பலமாகும் என்ற நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாரம் தாங்கும் பிளாக் சுவருக்கு ஒன்றிரண்டு மாடி வீட்டில் 1:6 போதும். 1:3 போட்டால் கலவை கல்லை விடக் கெட்டியாகிவிடும். சுவர் காய்ந்து சுருங்கும்போது அந்த இழுவை எங்காவது விட்டாக வேண்டும். கலவை கல்லை விட மெலிந்திருந்தால் ஜாயிண்டுகளில் மயிரிழையாகப் பல இடங்களில் பரவிப் போகும், பூச்சிலேயே மறையும். கலவை கெட்டியாக இருந்தால் கல்லையே பிளந்து மேலிருந்து கீழாக ஒரே விரிசலாக வரும்.

அளக்கும்போது மண்வெட்டிக் கணக்கு வேண்டாம். 40 × 35 × 25 செ.மீ. உள்ளளவில் ஒரு பெட்டி செய்தால் 35 லிட்டர். ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சமம். ஒரு மூட்டைக்கு ஆறு பெட்டி மணல். ஈர மணல் உப்பி நிற்கும். பெட்டியில் ஆறு அளந்தாலும் உண்மையில் ஐந்துதான் இருக்கலாம். அப்படியிருந்தால் பெட்டிக்கு மேல் கொஞ்சம் கூட்டிப் போடலாம். தண்ணீர் ஊற்றிய கலவையை 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் குழைத்ததை, சாப்பிட்டு வந்து தண்ணீர் தெளித்து மறுபடி குழைப்பது பல தளங்களில் நடக்கிறது. அந்தக் கலவை கல்லோடு ஒட்டாது.

விட்டுப்போகும் இரண்டு: லிண்டலும் பூச்சும்

சுவர்க் கணக்கு என்று கேட்பவர்கள் கல்லையும் கட்டுக் கலவையையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நம் அறையில் 4 மூட்டைதானே என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

நான்கு சுவரையும் சுற்றி ஓடும் லிண்டல் பேண்ட் 46.67 அடி நீளம், 8 இன்ச் அகலம், 8 இன்ச் உயரம்: 20.7 கன அடி கான்கிரீட். 1:1.5:3 கலவையில், உலர் அளவுக்கு 1.54ஆல் பெருக்கினால் 4.7 மூட்டை சிமெண்ட், 9 கன அடி எம்-சாண்ட், 18 கன அடி 20 மி.மீ. ஜல்லி. கம்பி நான்கு, 10 மி.மீ.; கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பு நீளத்தையும் சேர்த்து 63 மீட்டர், மீட்டருக்கு 0.617 கிலோ என்றால் 39 கிலோ. அவற்றைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. வளையம் 6 இன்ச்சுக்கு ஒன்று, 94 வளையம், ஏறத்தாழ 28 கிலோ. கம்பியின் கனமும் எண்ணிக்கையும் திறப்பின் அகலத்துக்கும் மேலே வரும் பாரத்துக்கும் ஏற்ப மாறும். பொறியாளர் தரும் வரைபடத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுவே சரி.

பூச்சு இன்னும் பெரிது. பிளாக் முகம் சமமாக இருப்பதால் உள்ளே 12 மி.மீ. போதும். 1:5 கலவையில், மேடுபள்ளத்துக்கு 20 சதவீதம் சேர்த்து, 100 சதுர அடிக்கு 0.84 மூட்டையும் 5.2 கன அடி பூச்சு மணலும் ஆகும். வெளியே 15 மி.மீ. என்றால் 1.05 மூட்டை, 6.5 கன அடி. நம் அறையில் உள்பூச்சு 370 சதுர அடி, வெளிப்பூச்சு 437 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 7.7 மூட்டை, 8 என்று வைக்கலாம். பூச்சு மணல் 48 கன அடி.

கட்டுவதற்கு 4, லிண்டலுக்கு 5, பூச்சுக்கு 8. மொத்தம் 17 மூட்டையில் கல்லை ஒட்டுவதற்குப் போவது கால் பங்குக்கும் குறைவு. அங்கே அரை மூட்டையை மிச்சம் பிடிப்பதை விட, சுவரை நூல் பிடித்த மாதிரி எழுப்பி வெளிப்பூச்சு 25 மி.மீ. ஆகாமல் பார்த்துக்கொள்வதில் இலாபம் அதிகம். பூச்சு மணலையும் கட்டுவேலை எம்-சாண்டையும் தனித்தனியாக வாங்குங்கள். மணல் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. நம் தேவை 36 கன அடி எம்-சாண்ட், 48 பூச்சு மணல். முழு யூனிட் வேண்டாம் என்று சொல்லி சின்ன வண்டியில் இறக்கச் சொல்லலாம்.

கல் வாங்கும்போது

விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, கல் வார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. கான்கிரீட் கல் வார்த்தபின் காய்ந்துகொண்டே சுருங்கும். 28 நாளாவது ஆன, நன்றாக உலர்ந்த கல் தன் சுருக்கத்தின் பெரும்பகுதியைப் பட்டறையிலேயே முடித்துவிட்டு வரும். ஐந்தாறு நாள் ஆன கல்லைச் சுவரில் வைத்தால் அது சுவரில்தான் சுருங்கும். நீண்ட சுவரின் நடுவில் வரும் செங்குத்து விரிசல்களுக்கு இதுவே முதல் காரணம். பச்சைக் கல் கருஞ்சாம்பல் நிறமாக, தொட்டால் குளிர்ந்து இருக்கும். உலர்ந்த கல் வெளிறியிருக்கும்.

ஆணியால் கீறிப் பாருங்கள்: மெல்லிய கோடு விழலாம், தூள் தூளாகக் கொட்டக்கூடாது. இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய ஒரு காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்து மறுபடி எடை போடலாம். எடை கூடுவது 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 30 கிலோ கல் 33 கிலோவைத் தாண்டினால் அது தண்ணீர் குடிக்கும் கல், வெளிச்சுவருக்கு ஆகாது. பாரம் தாங்கும் சுவருக்கு என்றால் ஆய்வுக்கூட அறிக்கை கேட்பது நியாயம். விதிப்படி சாலிட் கல்லுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 4 அல்லது 5 நியூட்டன் சராசரி அமுக்க வலிமை என்று இரண்டு தரங்கள் உண்டு.

இறக்கிய கல்லைத் தரையில் நேரடியாக அடுக்காமல் அடியில் பலகையோ சவுக்குக் கம்போ போட்டு அடுக்கி, மழைக்குத் தார்ப்பாயால் மூடுங்கள்.

கட்டும்போது

செங்கல்லைத் தண்ணீரில் ஊற வைத்துக் கட்டிப் பழகிய கைகள் பிளாக்கையும் நனைத்துவிடும். கூடாது. செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் அதை நனைக்கிறோம். பிளாக் நனைந்தால் உப்பும், காயும்போது திரும்பச் சுருங்கும். 28 நாள் காத்திருந்ததன் பலன் வீண். கடும் வெயிலில் கலவை ஒட்டும் முகத்தை மட்டும் ஈரத்துணியாலோ தூரிகையாலோ லேசாகத் தடவினால் போதும். தூசியைத் தட்டிவிட மறக்க வேண்டாம்.

முதல் வரியைக் கலவை இல்லாமல் சும்மா வைத்துப் பாருங்கள். நம் அறையில் 12 அடிச் சுவர் மூலையோடு சேர்ந்து வெளிப்புறம் 160 இன்ச், சரியாக 10 கல். 10 அடிச் சுவர் வெளிப்புறம் 136 இன்ச், எட்டரைக் கல். ஒரு வரியில் நீளச் சுவர் மூலைவரை ஓடும், குட்டைச் சுவர் நடுவில் பொருந்தும். அடுத்த வரியில் மாற்றி. குட்டைச் சுவரில் அரைக்கல் ஒன்று வந்தே தீரும். கதவை அந்தச் சுவரில் வைத்தால், இரண்டரைக் கல் திறப்பு அந்த அரையை விழுங்கிவிடும். எதிர்ச் சுவரில் கதவு இல்லை. அங்கே அரைக்கல் ஒன்றை நடுவில் வைத்தால் மேல் வரியின் ஜாயிண்டும் கீழ் வரியின் ஜாயிண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்துவிடும். அதற்குப் பதில் ஒன்றரைக் கல் இடத்தில் 12 இன்ச் முக்கால் கல் இரண்டை வெட்டி நடுவில் வைத்தால், ஜாயிண்டுகள் குறைந்தது 4 இன்ச் தள்ளியே விழும். வெட்டும் கல்லைக் கரண்டியால் தட்டி உடைக்காமல் கட்டர் வைத்து அறுக்க வேண்டும்.

மூலைகளை மூன்று நான்கு வரி முதலில் எழுப்பி, தூக்குக்குண்டு பார்த்து, நூல் கட்டி இடையை நிரப்புவது வழக்கமான முறை. மூலையில் ஒரு ரீப்பரை (நேரான மரச்சட்டம்) நிறுத்தி 8, 16, 24 என்று 88 வரை கோடு போட்டுவிட்டால் ஒவ்வொரு வரியும் அதில் வந்து நிற்கிறதா என்று பார்த்தாலே போதும். ஜாயிண்ட் கனத்தை ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டாம். ஹாலோ கல் என்றால் ஓரம் தடித்திருக்கும் பக்கத்தை மேலே வைக்க வேண்டும், கலவை தங்க அதுவே இடம்.

செங்குத்து ஜாயிண்ட்தான் அதிகம் ஏமாற்றப்படும் இடம். கல்லை உட்கார வைத்துவிட்டு, முன்னும் பின்னும் கரண்டியால் கொஞ்சம் அப்பி மூடிவிடுவார்கள், உள்ளே வெற்றிடம். வெளிச்சுவரில் மழைநீர் உள்ளே வரும் வழி அது. கல்லின் பக்க முகம் முழுக்கக் கலவை தடவி, அடுத்த கல்லோடு அழுத்தி வைக்க வேண்டும். சூரியன் எதிர்ப்பக்கம் இருக்கும் நேரத்தில் சுவரின் பின்னால் நின்று பாருங்கள். வெளிச்சம் ஊசிமுனை அளவு தெரிந்தாலும் அந்த ஜாயிண்ட் நிரம்பவில்லை.

ஒரு நாளில் ஐந்து அல்லது ஆறு வரிக்கு மேல் வேண்டாம். 32 கிலோ கல் ஒவ்வொன்றும் கீழே பச்சையாக இருக்கும் ஜாயிண்டை அமுக்கும். அதற்கு மேல் ஏற்றினால் அடிவரிகளில் கலவை பிதுங்கி, சுவர் தூக்குக்குண்டிலிருந்து விலகும். மறுநாளிலிருந்து ஏழு நாள் ஜாயிண்டுகள் ஈரமாக இருக்கத் தெளித்தால் போதும். குழாய் பிடித்துக் கல் ஊறும்வரை அடிக்க வேண்டாம்.

விரிசல் விழும் இடங்கள்

ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல் மிகவும் சாதாரணம். ஜன்னலுக்கு இருபுறமும் பாரம் இறங்குகிறது, ஜன்னலுக்குக் கீழே இல்லை. அந்த வேறுபாடு மூலையில் சேர்கிறது. ஜன்னலின் அடியில் 3 இன்ச் கான்கிரீட் பட்டை, இரண்டு 8 மி.மீ. கம்பி, இருபுறமும் ஒரு கல் நீளம் உள்ளே போகும்படி போட்டால் இது பெரிதும் அடங்கும். அப்படிப் போடுவதாக இருந்தால் அந்த வரியில் 8 இன்ச் கல்லின் இடத்தில் 3 இன்ச் பட்டையும் வெட்டிய கல்லும் வரும்; அல்லது ஜன்னல் உயரத்தை 3 இன்ச் குறைக்கலாம். இரண்டில் எது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

தூணும் பிளாக் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டு விரிசல் வரும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் அசையும். தூணிலிருந்து மூன்று வரிக்கு ஒருமுறை கம்பி நீட்டி ஜாயிண்டில் புதைப்பதும், பூச்சுக்கு முன் இணைப்பின் இருபுறமும் 4 இன்ச் படரும்படி சிக்கன் மெஷ் எனும் மெல்லிய கம்பி வலையை ஆணியடித்து விடுவதும் வழக்கம். பீமுக்கு அடியில் கடைசி இடைவெளியை அன்றே இறுக அடைப்பதும் தப்பு. கீழே உள்ள சுவர் அமர ஒரு வாரம் கொடுத்துவிட்டு, பிறகு கெட்டியான கலவையால் இடித்து நிரப்புங்கள்.

4 இன்ச் தடுப்பு நீளமாக இருந்தால் தனியே நிற்காது. மூன்று நான்கு அடி உயரத்துக்கு ஒரு 3 இன்ச் கான்கிரீட் பட்டை வேண்டும். இதற்கான சிமெண்டும் கம்பியும் எவருடைய பட்டியலிலும் முதலில் இருப்பதில்லை. மின்குழாய்க்கு அந்தச் சுவரில் படுக்கையாகக் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவது அதை ஏறக்குறைய இரண்டாக அறுப்பதற்குச் சமம். காடி செங்குத்தாக, கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், கட்டரால் இருபுறமும் கோடு போட்டபின் உளியால் எடுக்கப்பட வேண்டும். மின்பணியாளரைச் சுவர் எழும்பும்போதே கூப்பிட்டு, சுவிட்சுப் பெட்டி வரும் இடத்தைக் கல்லின்மேல் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி இரண்டு கல்லுக்கு நடுவே செங்குத்து ஜாயிண்டில் விழும்படி ஒன்றிரண்டு இன்ச் நகர்த்தினால், வெட்டும் வேலை பாதியாகும்.